இந்திர லால் ராயின் ஜூலை மாதம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காசிமேட்டில் எங்கள் தெருவில் பையன்களுக்கு பாக்சிங் கற்றுத்தரும் சின்னக் கூடம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கச் சுவர் 14 அடி அகலம், 9 அடி உயரம். வரும் ஜூலை 22 அன்று அதில் முதல் உலகப் போரில் பறந்த இந்திர லால் ராய் என்ற போர் விமானியின் நினைவாக ஒரு படம் வரைந்து திறக்கலாம் என்று இருக்கிறோம். அவருடைய அண்ணன் பரேஷ் லால் ராயைத்தான் இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்கிறார்கள் என்று மாஸ்டர் சொன்னதிலிருந்து பையன்களுக்கு அந்தத் தம்பி மேல் ஒரு பிடிப்பு.

ஆனால் தேடத் தேடக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. அவர் வீழ்த்தியது ஒன்பது விமானம் என்று ஓரிடத்தில், பத்து என்று இன்னோரிடத்தில். வயது 19 என்கிறார்கள், 20 என்கிறார்கள். முதல் இந்திய விமானி அவர்தானா? இறந்துவிட்டார் என்று பிணவறையில் போட்டபின் எழுந்து கதவைத் தட்டினார் என்ற கதையைச் சுவரில் எழுதலாமா? ஆர்ட்டிஸ்ட் கொண்டுவந்த ஸ்கெட்சில் சிவப்பு நிறத்தில் மூன்றடுக்கு இறக்கை விமானம், வாலில் மூவர்ணக் கொடி. அது சரியா?

தெருப் பெரியவர் ஒருவர், "வங்காளத்துப் பையன், வெள்ளைக்காரனுக்காகப் போய் பிரான்சில் செத்தான். அவனுக்கும் நமக்கும் என்னப்பா?" என்று கேட்டுவிட்டார். எங்களிடம் பதில் இல்லை. சுவரும் உப்புக் காற்று தின்ற சுவர். போன தடவை வரைந்த படம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

வி., காசிமேடு

அன்புள்ள வி.,

ஸ்கெட்சை முதலில் நிறுத்துங்கள். சிவப்பு மூன்றடுக்கு விமானம் ஜெர்மன் விமானி ரிக்தோஃபென் ஓட்டியது. ராய் பறந்தது அதை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் பக்கத்தில். இந்தப் படத்தை வரைந்தால் இறந்த பையனை அவனுடைய எதிரியின் விமானத்தில் உட்காரவைத்ததாகிவிடும். விமானத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் எண்கள்.

அவர் பிறந்தது கல்கத்தாவில், 1898 டிசம்பர் 2. இறந்தது 1918 ஜூலை 22. இருபதாவது பிறந்தநாளுக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆகவே வயது 19.

ஒன்பதா பத்தா என்பதற்குத் தேதிகளை வரிசையாக வைத்தாலே விடை கிடைத்துவிடும். ஜூலை 6, ஒரு ஹானோவர் (இங்கே வரும் பெயர்கள் எல்லாம் ஜெர்மன் விமான ரகங்கள்). ஜூலை 8, நான்கு மணி நேரத்துக்குள் மூன்று: இரண்டு ஹானோவர், ஒரு ஃபோக்கர் டி-7. ஜூலை 13, ஒரு ஹானோவர், ஒரு ஃபால்ஸ். ஜூலை 15, இரண்டு ஃபோக்கர் டி-7. ஜூலை 18, ஒரு டி.எஃப்.டபிள்யூ. ஜூலை 19, மறுபடி ஒரு ஹானோவர். மொத்தம் பத்து. அவருக்கு மறைவுக்குப் பின் 1918 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ் (டி.எஃப்.சி.) பதக்கக் குறிப்போ பதின்மூன்று நாட்களில் ஒன்பது விமானங்கள் என்று சொல்கிறது. 6-ஆம் தேதியிலிருந்து 18-ஆம் தேதி வரை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: பதின்மூன்று நாள், ஒன்பது விமானம். கடைசி ஹானோவர் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. இரண்டு எண்ணும் சரி. சுவரில் பத்து என்று எழுதுங்கள்.

ஆனால் "சுட்டு வீழ்த்தினார்" என்று மொத்தமாக எழுதுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கணக்கில் இரண்டு வகை உண்டு. விமானம் எரிந்தது, உடைந்தது, தரையில் மோதியது என்று கண்ணால் கண்டால் "அழிந்தது". கட்டுப்பாடிழந்து சுழன்று இறங்குவதைப் பார்த்து, முடிவைப் பார்க்க முடியாமல் போனால் "கட்டுப்பாடிழந்து வீழ்ந்தது". ராயின் பத்தில் ஐந்து முதல் வகை, ஐந்து இரண்டாம் வகை. இரண்டு வெற்றிகள் தோழர்களோடு பகிர்ந்தவை. எதிரி விமானம் சுழன்று இறங்கும்போது அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போகிறவன் தன் முதுகைத் திறந்துவைத்துக்கொண்டு போகிறான். அதனால்தான் இரண்டாம் வகை என்று ஒன்றே உருவானது. "பத்து வான்போர் வெற்றிகள்" என்று எழுதினால் இவ்வளவும் அதற்குள் அடங்கும்.

முதல் இந்திய விமானி அவர் இல்லை. ஹர்தித் சிங் மாலிக் அவருக்கு முன்பே, 1917 ஏப்ரலில், அதிகாரியாகச் சேர்ந்துவிட்டார். அந்தப் போரில் பறந்த வெலிங்கர், சென் ஆகியோரும் உண்டு. மாலிக் உயிரோடு திரும்பினார், சென் சிறைபிடிக்கப்பட்டார், வெலிங்கர் 1918-இல் இறந்தார். ஐந்து வெற்றிகளோ அதற்கு மேலோ எட்டிய "ஏஸ்" விமானி அந்தப் போரில் இந்தியர்களில் ராய் ஒருவர்தான். அதை எழுதுங்கள், போதும்.

பிணவறைக் கதையை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 1917 டிசம்பர் 6-இல் அவருடைய விமானம் நொறுங்கியது உண்மை. அப்போது அவர் 56-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவில் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. கதவைத் தட்டினார் என்பது எல்லோரும் திருப்பிச் சொல்லும் கதை. வாயால் சொல்லும்போது "சொல்கிறார்கள்" என்று சேர்த்துக்கொள்ளலாம், சுவர் எழுத்தில் அந்தச் சொல் காணாமல் போய்விடும். அதற்குப் பதிலாக அந்த விபத்துக்குப் பிறகு நடந்ததைப் பையன்களுக்குச் சொல்லுங்கள். உடல் தேறிக்கொண்டிருந்த மாதங்களில் விமானங்களை வரைந்துகொண்டே இருந்தார். அந்தச் சித்திரங்களில் பல இன்றும் இருக்கின்றன. மருத்துவர்கள் பறக்கத் தகுதியில்லை என்றார்கள். விடாமல் முறையிட்டுத் திரும்ப வந்தார். 1918 ஜூனில் 40-ஆம் ஸ்குவாட்ரனில், அயர்லாந்துக்காரரான ஜார்ஜ் மெக்எல்ராயின் பிரிவில் சேர்ந்தார். முதல் தடவை ஐந்து வாரத்தில் நொறுங்கியவர், இரண்டாம் தடவை வந்து முதல் மாதத்திலேயே பத்து வெற்றி. மொத்த வாழ்நாளில் அவர் பறந்தது 170 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அடிபட்டு ரிங்கைவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் பையன் உங்கள் கூடத்திலும் ஒருவன் இருப்பான்.

அந்தப் பத்தில் பாதி ஹானோவர் என்பதைக் கவனியுங்கள். அது இரண்டு பேர் உட்காரும் விமானம், ஆனால் உடம்பு சிறியது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றை ஆள் விமானம் என்று நினைத்து, அலட்சியமாகப் பின்பக்கம் போய்ச் சேர்வார்கள். பின்னால் ஒருவன் எந்திரத் துப்பாக்கியோடு திரும்பி உட்கார்ந்திருப்பான். அவன் சுடுவதற்கு வால் மறைக்கக் கூடாது என்றே வாலை இரண்டடுக்காக, அகலம் குறைத்துக் கட்டியிருந்தார்கள். அதை நெருங்க ஒழுங்கான வழி பின்னாலிருந்து, கீழிருந்து, அவன் கண்ணுக்கும் துப்பாக்கிக்கும் சொந்த விமானத்தின் உடம்பே மறைப்பாக இருக்கும் இடத்தில் நுழைவது. அங்கேயே ஒட்டிக்கொண்டு சில நொடி நிற்க வேண்டும். எதிரி விமானி லேசாகச் சாய்த்தாலே மறைப்பு போய்விடும். இப்படிப்பட்ட விமானத்தை ஐந்து முறை வென்றவர் கண்மூடித்தனமாகப் பாய்கிறவராக இருக்க முடியாது. பதக்கக் குறிப்பிலும் துணிச்சலோடு சேர்த்துத் திறமை என்ற சொல்லும் இருக்கிறது.

அவர் ஓட்டியது எஸ்.இ.-5ஏ என்ற ஒற்றை ஆள் பிரிட்டிஷ் விமானம். அதில் துப்பாக்கி இரண்டு. ஒன்று விக்கர்ஸ், மூக்கின் மேல் இடதுபக்கமாகப் பதித்தது, சுழலும் புரொப்பல்லரின் இடைவெளி வழியே சுடுவது. அலகில் குண்டு படாமல் நேரம் பார்த்துச் சுடவைப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஓர் அமைப்பு. அந்த அழுத்தத்தை விமானியே கைப்பம்பால் ஏற்றிக்கொள்ள வேண்டும். அழுத்தம் குறைந்தால் துப்பாக்கி பேசாது. குண்டு 400, துணி பெல்ட்டுக்குப் பதில் தானாகப் பிரிந்து விழும் கண்ணிகளில் கோத்தது. விடாமல் சுட்டால் ஒரு நிமிடம்கூட வராது. இன்னொன்று லூயிஸ், மேல் இறக்கையின் மேல், புரொப்பல்லர் வட்டத்துக்கு வெளியே சுடுவது. அதன் டிரம்மில் 97 குண்டு, பத்து நொடி அளவில் காலி. மாற்ற வேண்டுமானால் வளைந்த தண்டவாளம் ஒன்றில் துப்பாக்கியைப் பின்னுக்கு இழுத்து இறக்கி, விமானத்தின் கட்டுப்பாட்டுத் தடியைக் கால்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, பழைய டிரம்மைக் கழற்றிப் புதியதை மாட்டி மறுபடி மேலே தள்ள வேண்டும். இதெல்லாம் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்றில், தடித்த கையுறையோடு. இறக்கிய நிலையிலேயே வைத்து மேல்நோக்கியும் சுடலாம், ஹானோவரின் அடிவயிற்றுக்கு அதுதான் வசதி.

துப்பாக்கி திக்கி நிற்பது அன்றாடம். தோட்டாவின் அடிப்பகுதி இம்மியளவு பருத்திருந்தால் அறைக்குள் சிக்கும். உயரத்தின் குளிரில் எண்ணெய் கெட்டியாகும். அதனால் நல்ல விமானிகள் தரையிலேயே ஒவ்வொரு தோட்டாவையும் கையால் சோதித்து ஏற்றுவார்கள். மேலே சிக்கிக்கொண்டால் விக்கர்ஸின் பக்கவாட்டுக் கைப்பிடி எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்து, என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். தட்டுவதற்குச் சுத்தியல் வைத்திருப்பார்கள். திறந்த இருக்கை, 15,000 அடி, பூஜ்யத்துக்குக் கீழே குளிர். கூடத்துப் பையன்களுக்கு இந்தக் கைவேலையைச் சொல்லுங்கள். வீரம் என்ற சொல்லைவிட அது அவர்களுக்குப் பிடிபடும்.

பிரிட்டிஷ் விமானிகளுக்குப் பாராசூட் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் அந்த ஆண்டுதான் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னொன்று காற்று. அந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். சண்டையில் வட்டமடிக்க வட்டமடிக்க விமானங்கள் கிழக்கே, ஜெர்மன் பக்கம் நகர்ந்துகொண்டே போகும். அடிபட்ட எஞ்சினோடு எதிர்காற்றில் திரும்பி வர வேண்டியவன் பிரிட்டிஷ்காரன்தான். ஜூலை 22 அன்று ராய் வீழ்ந்த கார்வேன் அப்போது ஜெர்மானியர் கையிலிருந்த ஊர். எதிரே ஜெர்மனியின் 29-ஆம் யாக்ட்ஸ்டாஃபல் என்ற போர் விமானப் பிரிவின் ஃபோக்கர் டி-7 விமானங்கள். உயரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே தொங்கி நின்று சுடக்கூடியது என்று பெயர் வாங்கிய ரகம். பக்கத்தில் எஸ்தெவெல் என்ற சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். கல்லில் பிரெஞ்சிலும் வங்காளியிலும் எழுத்து இருக்கிறது. அவருக்குக் கற்றுக்கொடுத்த மெக்எல்ராய் ஒன்பது நாள் கழித்து, ஜூலை 31-இல் இறந்தார்.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள், நியாயமான கேள்வி. ராய் விடுதலைப் போராளி அல்லர். லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்து, பதினெட்டு வயதில் அந்த நாட்டின் விமானப் படையில் சேர்ந்தவர். "தேசத்துக்காக உயிர்நீத்த" என்று எழுதினால் பொய்யாகிவிடும். எழுதாதீர்கள். ஆனால் அந்தப் போர் வெள்ளைக்காரனோடு நின்றுவிட்ட போரும் அல்ல. பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களைக் கடல்கடந்து கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 74,000 பேர் இறந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினர் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) இருந்தார்கள். போரே பெரியவரின் தெருவுக்குப் பக்கத்தில் வந்து போனது: 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. உயர்நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் அதற்கான கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். காலனி நாட்டுப் பிள்ளைகள் தங்களுடையதல்லாத போரில் செத்தார்கள் என்று பெரியவர் சொன்னால், ஆமாம் என்றே சொல்லுங்கள். அப்படிச் செத்தவர்களை நாமும் மறந்துவிட்டால் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பாக்சிங் கூடத்துக்கு அவர் அண்ணன் வழியாக வேறு உரிமையும் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் கையுறை மாட்டிய பரேஷ் லால், ஊர் திரும்பி இந்தியப் பையன்களிடையே அந்த ஆட்டத்தைப் பரப்பியவர்.

இனி சுவர். உங்கள் பழைய படம் மழையால் மட்டும் போகவில்லை. தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பைக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறது. மேலே ஆயில் எனாமல் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் கொப்பளித்து, தோலோடு உரிந்துவிடும். ஆகவே எனாமல் வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் வேலையைத் தொடங்குங்கள். உப்புப் பூத்த இடத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துக் கூட்டித் தள்ளுங்கள், எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினால் 28 நாள் விடுங்கள். பிறகு ஒன்றரை அடி சதுரத்துக்குப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் வையுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கட்டினால் சுவர் இன்னும் தயாரில்லை. காய்ந்தபின் காரம் தாங்கும் பிரைமர் ஒரு கை, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கை. 126 சதுர அடிக்குப் பிரைமர் 2 லிட்டர், எமல்ஷன் 4 லிட்டர் வாங்கினால் சொரசொரப்பான சுவருக்கும் போதும். அடியில் இரண்டு அடிக்கு எதையும் வரையாதீர்கள், எழுதாதீர்கள். எவ்வளவு செய்தாலும் அந்தப் பட்டைதான் முதலில் பூக்கும்.

விமானத்தின் நீளம் 20 அடி 11 அங்குலம், உயரம் 9 அடி 6 அங்குலம். மூன்றில் ஒரு பங்காக வரைந்தால் நீளம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு, உயரம் 3 அடி 2 அங்குலம். வலப்பக்கம் எழுத்துக்கு இடம் மிஞ்சும். பக்கவாட்டு வரைபடத்தை 21.3 செ.மீ. நீளம் வரும்படி அச்செடுத்து, 2 செ.மீ. கட்டம் போடுங்கள். சுவரில் 20 செ.மீ. கட்டத்துக்கு சாக்பீஸ் தூள் நூல் அடியுங்கள். கட்டத்துக்குக் கட்டம் மாற்றினால் சரியாக வரும்.

மூக்கு இடதுபக்கம் பார்க்கும்படி வரைந்தால்தான் விக்கர்ஸ் கண்ணில் படும். இறக்கை இரண்டடுக்கு. ஒரு பக்கத்துக்கு ஒரே ஜோடித் தூண். ஆர்ட்டிஸ்டுகள் பழைய விமானம் என்றாலே உருண்டை மூக்கு போட்டுவிடுவார்கள். இதற்கு வரக்கூடாது. இதன் எஞ்சின் நீரால் குளிர்விக்கும் வி-8, ஆகவே முன்னால் பழைய லாரி போலச் சதுர ரேடியேட்டர். புகைக்குழாய் உடம்பின் பக்கவாட்டில் நீளமாக இருக்கையைத் தாண்டிப் போகும். புரொப்பல்லர் இரண்டு அலகா நான்கா என்று சண்டை வந்தால், கியர் வைத்த எஞ்சினுக்கு நான்கு, நேரடியாகச் சுழற்றும் வைப்பர் எஞ்சினுக்கு இரண்டு. நீங்கள் எடுத்துக்கொண்ட வரைபடத்தில் உள்ளதையே போடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். மேல் இறக்கையின் லூயிஸை மறந்துவிடாதீர்கள்.

நிறத்துக்கு ராணுவப் பச்சை டப்பா வாங்க வேண்டாம். அன்றைய பூச்சு மஞ்சள் காவியையும் விளக்குக் கரியையும் குழைத்தது. யெல்லோ ஆக்கர் ஸ்டெய்னரில் கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள், பச்சை சாயலடிக்கும் பழுப்பு வரும். இறக்கைகளின் அடிப்பக்கம் வெறும் துணியின் வெளிர் மஞ்சள். மூவர்ணக் கொடி வேண்டாம். வாலில் செங்குத்தாக மூன்று பட்டை, முன்னாலிருந்து நீலம், வெள்ளை, சிவப்பு. உடம்பில் அதே மூன்று நிற வட்டம், நீலம் வெளியே, சிவப்பு நடுவில், கருமையான பின்னணியில் தெரிவதற்காக வெளியே மெல்லிய வெள்ளைக் கோடு.

எழுத்து இவ்வளவு போதும்:

லெப்டினன்ட் இந்திர லால் ராய், டி.எஃப்.சி.
பிறப்பு: கல்கத்தா, 2 டிசம்பர் 1898
வீழ்ந்தது: கார்வேன், பிரான்ஸ், 22 ஜூலை 1918
40-ஆம் ஸ்குவாட்ரன், ராயல் ஏர் ஃபோர்ஸ்
1918 ஜூலை 6 முதல் 19 வரை பத்து வான்போர் வெற்றிகள்
குத்துச்சண்டை வீரர் பரேஷ் லால் ராயின் தம்பி

அவர் சேர்ந்தபோது படையின் பெயர் ராயல் ஃபிளையிங் கோர். 1918 ஏப்ரல் 1-இல் ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆனது. அதனால் இறந்த நாளின் பெயரையே கொடுத்திருக்கிறேன். பெயருக்கு நான்கு அங்குல எழுத்து, மற்றதற்கு இரண்டரை. ஸ்டென்சில் வெட்டுவதற்கு முன் தேதிகளை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கட்டும். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் அவர் பதிவை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதிகாரிகளின் சேவைக் குறிப்புகள் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.ஐ.ஆர். 76 வரிசையில் இருக்கின்றன.

புது ஸ்கெட்ச் வந்ததும் சுவரில் ஏற்றுவதற்கு முன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். துப்பாக்கிகளும் வால் பட்டைகளும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.